இருபத்தேழாம் எண் குழாய்

ரத்தம் எடுக்கிற நாளில் மருத்துவச்சி கொட்டகைப் பக்கமே நிற்க மாட்டாள். மாதத்தில் ஒரு நாள் அது. அன்றைக்கு விடிந்ததும் சாணத்தை அள்ளிப்போட்டு, தரையைக் கழுவிவிட்டு, அரிவாளையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு தீவனப்புல் வயலுக்குப் போய்விடுவாள். அங்கிருந்து பார்த்தால் கொட்டகையின் தகரக் கூரை மட்டும் பளபளவென்று தெரியும். மாடு கத்தினால் கேட்காது. கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு தூரம் போவது.

மருத்துவச்சி என்பது பண்ணையில் வைத்த பேர். அது கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிப் பண்ணை. தடுக்கி விழுந்தால் ஒரு டாக்டர் மேல்தான் விழ வேண்டும். ஆனாலும் கன்று குறுக்கே கிடந்தால் ஆள் இவளைத் தேடித்தான் ஓடும். கையை முழங்கை வரை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ பழைய கணக்கை நினைவுபடுத்திப் பார்ப்பவள் போல நிற்பாள். "முன்னங்கால் மடங்கியிருக்கு, இழுக்காதீங்க" என்பாள். கொஞ்ச நேரத்தில் கன்று வைக்கோலில் வந்து விழும். சுற்றி நின்ற மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு ஊசி என்றால் மட்டும் ஆகாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் புருஷனுக்குப் பண்ணையில் பேரே ஊசிக்காரர். மாட்டின் கழுத்து நரம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து ஒரே குத்து. அசைபோடுகிற வாய் நிற்பதற்குள் குழாய் நிறைந்துவிடும். முப்பது வருஷக் கை.

"ஊசியைக் கண்டா ஓடுற பொம்பளை, ஊசிக்காரரைக் கட்டிக்கிட்டு எப்படிக் குடும்பம் நடத்துறே?" என்று பால் கறக்கிறவர் கேட்பார். அவருக்கு ரேடியோ என்று பேர், வாய் ஓயாததால்.

"வீட்டுக்குள்ள நுழையறப்போ கையைக் காட்டச் சொல்லித்தான் விடுவேன்" என்பாள் அவள்.

அந்த மாதமும் ரத்த நாள் வந்தது. மருத்துவச்சி புல் வயலில் அரைச் சாக்கு அறுப்பதற்குள் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. மூன்று மாதமாக இதே கதை. காலையில் ஒன்றும் இருக்காது. பொழுது சாயச் சாயக் காய்ச்சல் ஏறும். விடிவதற்குள் படுக்கை நனைகிற அளவுக்கு வேர்த்துக் காய்ச்சல் போய்விடும். இடுப்பும் முழங்காலும் கழன்று விழுகிற மாதிரி வலிக்கும். மருத்துவமனையில் மூன்று டாக்டர்கள் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒருவர் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்றார். ஒருவர் வயசு என்றார். மூன்றாமவர் தலையைத் தூக்கிப் பார்க்காமலே மாத்திரை எழுதினார். அன்றைக்கு வெயிலிலேயே நடுக்கம் வந்துவிட்டது. அரிவாளைச் சாக்குக்குள் சொருகிவிட்டு மெல்ல நடந்து வந்தாள்.

கொட்டகைக்கு வந்தபோது ரத்தம் எடுத்து முடிந்திருந்தது. மாட்டை அசையாமல் நிறுத்துகிற இரும்புக் குழாய்ச் சட்டம், டிராவிஸ் என்பார்கள், அது காலியாக நின்றது. மரத்தடி மேஜையில் ஆராய்ச்சிப் பெண் குழாய்களை எண்ணிப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எப்போதும் அந்த மேஜைதான் அவள் இடம். ஊசிக்காரர் கொட்டகைக்குள் ரத்தம் எடுத்து, எண் ஒட்டிய குழாயைக் கொண்டுவந்து நீட்டுவார். அவள் வாங்கிப் பதிவேட்டில் குறிப்பாள். விற்றுப்போன மாடுகளின் எண்கள் போக இருபத்தெட்டு மாடு, இருபத்தெட்டுக் குழாய். பதினாறு மாதமாக நடக்கிறது. சினையாக இருக்கும்போது மாட்டின் ரத்தத்தில் என்னென்ன ஏறுகிறது, என்னென்ன இறங்குகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

"டாக்டரம்மா, முடிஞ்சுதா?"

"என்னக்கா, டாக்டரம்மான்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது. இன்னும் பட்டம் வரல."

"அதான் மாட்டு டாக்டருக்குப் படிச்சு முடிச்சிட்டியே. ஒரு தடவை டாக்டர் ஆனது போதாதா?"

"இது வேற டாக்டர்க்கா. இதுல மருந்து எழுத மாட்டாங்க, புத்தகம் எழுதுவாங்க." சிரித்தபடி நிமிர்ந்தவள் முகம் மாறியது. "என்னக்கா இது, இப்படி நடுங்குறீங்க? உக்காருங்க."

"ஒண்ணுமில்ல. வழக்கமா வர்றதுதான், இன்னைக்குச் சீக்கிரம் வந்திருச்சு."

"வழக்கமான்னா? எத்தனை நாளா?"

மூன்று மாதம் என்றாள். வேர்வையைச் சொன்னாள், மூட்டைச் சொன்னாள். ஆராய்ச்சிப் பெண் குழாயை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். எதையோ கேட்க வாயெடுத்து, பிறகு தலையை ஆட்டித் தனக்குத் தானே இல்லை என்று சொல்லிக்கொண்டாள்.

"மாடுன்னா இதுதான்னு கண்ணை மூடிட்டுச் சொல்லிருவேன்க்கா. ஆனா நம்ம மாடு ஒண்ணுலயும் அது இல்லையே. மாசா மாசம் பாக்கறேனே."

"எது இல்ல?"

"கன்றுவீச்சு நோய். வந்தா மாடு ஏழு மாசத்துல கன்னு போட்டுரும். மனுஷங்களுக்கும் ஒட்டும். சரி, சும்மா ஒரு துளி எடுத்துப் பாத்துருவோம். மாட்டுக்குக் குத்துற கை, பயப்பட மாட்டீங்களே?"

மருத்துவச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள்.

மத்தியானத்துக்கு மேல் ஆய்வகத்துக்கு வரச் சொன்னாள். போனாள். சின்ன அறை. ஒரு பக்கம் குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. சுவரோரம் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழல் சாய்ந்து நின்றது. ஆராய்ச்சிப் பெண் அதைத் திறந்து, சுருட்டியிருந்த பெரிய தாளை மேஜையில் விரித்தாள். அடுத்த வாரம் வெளியூரில் ஒரு மாநாடு. இருநூறு பேர் முன்னால் அவள் பேசப் போகிறாள்.

"யாருன்னு பாருங்க."

தாளின் நடுவில் ராங்கி என்று பேர் வைத்த மாட்டின் படம். நெற்றியில் வெள்ளை, இடக்கொம்பு சற்றுக் கோணல், யாரையும் மதிக்காத பார்வை. எண் இருபத்தேழு. கயிற்றைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிந்தது. மருத்துவச்சியின் கைதான்.

"இவளையா இருநூறு பேருக்குக் காட்டப் போறே? இவ இருபது பேரைக் கண்டாலே முட்டுவாளே."

"இவதான்க்கா என்னோட ஆராய்ச்சியே. சினையா இருக்கற மாட்டு ரத்தத்துல ஒரு சத்து இருக்கணும். அதுதான் கருவைத் தாங்கிப் பிடிக்கும். ராங்கி ரத்தத்துல அது இல்லவே இல்ல. சினை இல்லாத மாடு மாதிரி ரத்தம், ஆனா வயித்துல கன்னு. பேராசிரியர் நம்பவே இல்ல. மூணு தடவை திரும்ப எடுத்து அனுப்பினேன், மூணு தடவையும் அதேதான். ஏழாம் மாசம் கன்னு விழுந்துச்சு பாருங்க, அப்பதான் அவரே ஒத்துக்கிட்டார். தாங்கற சத்து இல்ல, அதான் தாங்கல. இதுவரைக்கும் இப்படி ஒரு மாட்டை யாரும் எழுதினதில்லக்கா."

கன்று விழுந்த அந்த நாளை மருத்துவச்சி மறக்கவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால். விடுமுறை நாள், நல்ல மழை. பண்ணையில் அவளும் ஊசிக்காரரும்தான். கையுறை இருந்த அறையைப் பூட்டிக்கொண்டு சாவிக்காரர் போய்விட்டார். ராங்கி ஈற்றறையில் முக்கி முனகிக்கொண்டிருந்தாள். வெறும் கையைத்தான் விட்டாள். முடி முளைக்காத செத்த கன்று வந்தது. நஞ்சுக்கொடி வராமல் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் பிரித்து எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. புருஷன் சுண்ணாம்பு போட்டுக் குழியை மூடினார். மறுநாள் வந்த ஆராய்ச்சிப் பெண் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "ரத்தம் சுத்தமா இருக்கு, நோய் இல்ல" என்றாள். யாரும் குழியைத் தோண்டவில்லை. அதோடு ராங்கியின் மடியும் வற்றிவிட்டது.

ஆராய்ச்சிப் பெண் ஒரு வெள்ளைத் தட்டை எடுத்தாள். ரத்தம் உறைந்து மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரில் ஒவ்வொரு துளியாகத் தட்டில் வைத்தாள். ஒவ்வொன்றின் மேலும் ரோஜா நிறச் சாயத்தில் ஒரு துளி. தட்டைத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டினாள்.

"நோய் இல்லன்னா இப்படியே வழுவழுன்னு இருக்கும். இருந்தா பால் திரிஞ்ச மாதிரி திரியும். இது இருபத்தெட்டும் நம்ம மாடுங்க. ஓரத்துல இருக்கறது நீங்க."

இருபத்தெட்டுத் துளியும் கண்ணாடி மாதிரி நின்றன. ஓரத்துத் துளி முதலில் அப்படியேதான் இருந்தது. பிறகு அதன் விளிம்பில் மணல் மணலாக ஏதோ தோன்றியது. இருவரும் குனிந்தார்கள். மணல் கூடிக் கூடி, துளி முழுக்கக் கட்டி கட்டியாக, புளித்த பால் அடுப்பில் திரிகிற மாதிரியே திரிந்துபோயிற்று.

ஆட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "இது எப்படி?" என்றாள் ஆராய்ச்சிப் பெண், தட்டிடம் கேட்கிற மாதிரி. இன்னொரு துளி வைத்தாள். அதுவும் திரிந்தது.

மருத்துவச்சி தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அப்ப நான் பொழைக்க மாட்டேனா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. ஆறு வாரம் விடாம மாத்திரை சாப்பிட்டா சரியாயிரும். காலையில நானே உங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆனா எங்கிருந்து வந்துச்சுன்னுதான் புரியல. வெளிய எங்கேயாவது ஆடு, மாடு பாத்தீங்களா? பச்சைப் பால் குடிச்சீங்களா?"

"பாலைக் காய்ச்சாம நான் குடிச்சதே இல்ல. இந்தக் கொட்டகையை விட்டா எனக்கு வேற போக்கிடம் ஏது?"

"நம்ம மாட்டுல இல்லையேக்கா." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் எழுந்தாள். "சாயத்துல ஏதோ கோளாறா இருக்கலாம். காலையில மறுபடியும் எல்லா மாட்டுக்கும் எடுத்துருவோம். அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. எதுலயாவது இருந்துச்சுன்னா பேராசிரியர்கிட்ட சொல்லி வேனை வரச் சொல்லணும். அந்த மாட்டை வெச்சிருக்க முடியாது."

பண்ணைக்குப் பின்னால் வரிசையாகப் பணியாளர் வீடுகள். மருத்துவச்சியின் வீடு கடைசியில். இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்பக்கம் தண்ணீர்க் குழாய். அவள் போனபோது புருஷன் முட்டை வேகவைத்து உரித்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் தொடங்கியதிலிருந்து அடுப்படி அவர் பொறுப்பு. உலையில் சோறு கொதித்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்து நாலைந்து தூறல் ஜன்னலில் தெறித்தது.

"உருளைக்கிழங்கு வெந்திருச்சா பாரு. வாசனையை வெச்சே சொல்லிருவியே."

"வாசனையெல்லாம் இருக்கட்டும். காய்ச்சல் என்னன்னு தெரிஞ்சு போச்சு."

"என்னவாம்?"

"கன்றுவீச்சு. மாட்டுல இருந்து ஒட்டியிருக்கு."

அவர் கையிலிருந்த முட்டை பாதி உரித்தபடி நின்றது. மருத்துவச்சி அதைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"அந்தப் பொண்ணு பாவம், தலையைப் பிச்சுக்குது. எந்த மாட்டுலயும் இல்ல, எனக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு. காலையில மறுபடியும் எடுக்கணுமாம், உங்ககிட்ட சொல்லச் சொன்னா." முழங்காலை அமுக்கிவிட்டுக்கொண்டே, "எனக்கு ராங்கி மேலதான் சந்தேகமா இருந்துச்சு. வெறும் கையை விட்டேனில்ல. ஆனா அவ ரத்தம்தான் எல்லாத்தையும் விட சுத்தமாம்" என்றாள்.

 சோறு பொங்கி அடுப்பில் வழிந்து புஸ்ஸென்றது. அவர் கவனிக்கவில்லை.

"என்னங்க, உலை பொங்குது."

அவர் அடுப்பை அணைத்தார். பிறகு, பெரிய மூட்டையைத் தலையிலிருந்து இறக்குகிறவர் மாதிரி, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அது அவ ரத்தம் இல்ல."

"எது?"

"இருபத்தேழு குழாயில இருக்கறது. அது ராங்கி ரத்தம் இல்ல. சாமியார் ரத்தம்."

சாமியார் என்பது முப்பத்தொன்றாம் எண் மாடு. எதற்கும் அசையாது. கண்ணை அரைமூடியாக வைத்துக்கொண்டு உலகத்தைத் துறந்த மாதிரி நிற்கும். இரண்டு வருஷமாகச் சினை நிற்காத மாடு.

மருத்துவச்சிக்கு முதலில் அவர் சொன்னது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. "இன்னைக்கு மாத்திட்டீங்களா?" என்றாள்.

"இன்னைக்கு மட்டும் இல்ல."

"பின்ன?"

"ஆரம்பத்துல இருந்தே."

மழை சட்டென்று கூரை மேல் இறங்கியது. அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாய் முப்பது வருஷமாகத் தெரிந்த வாய்தானா என்று பார்க்கிற மாதிரி.

"முதல் மாசம் ஞாபகம் இருக்கா? டிராவிஸ்ல ஏத்தினதும் ராங்கி துள்ளினது? கொம்பு கம்பியில சிக்கி, கழுத்துத் தோல் கிழிஞ்சு, ரத்தமா கொட்டுச்சே. நீ பாத்துட்டு அங்கேயே உக்காந்துட்ட. வீட்டுக்கு வந்து என்ன சொன்ன?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. எப்படி இல்லாமல் போகும். இதே இடத்தில்தான் சொன்னாள். அவளை விட்டுருங்க, இந்த ஒரு தடவை, உங்களைக் கும்பிடறேன் என்று.

"ஒரு தடவைன்னுதானே சொன்னேன்."

"ஒரு தடவைதான் சொன்ன. மறு மாசம் அந்த நாள் காலையில நீ ஒரு வாய் சோறு திங்கல. அரிவாளை எடுத்துக்கிட்டுப் போனே. சாக்கை மறந்துட்டுப் போனே. நான் பின்னாலயே வந்து குடுத்தேன். உன் மூஞ்சியைப் பார்த்தேன். அப்புறம் எப்படி அவளை ஏத்துவேன்? சாமியார் பக்கத்துலயே நிக்குது. ஒரு குத்து, ரெண்டு குழாய். யாருக்கு என்ன நஷ்டம்னு நினைச்சேன். ஏதோ சத்துக் கணக்குப் பாக்கறாங்க, ஒரு மாடு மாறினா என்னன்னு."

"நான் சோறு திங்காததை வெச்சா?"

"ஆமா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வேண்டாம்னுருவே. வேண்டாம்னு சொல்லிட்டு மறுபடியும் சோறு திங்க மாட்டே."

அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளே எல்லாமே உறைந்துபோயிருந்தது. 

"அந்தப் பொண்ணு மூணு தடவை திரும்ப எடுக்கச் சொன்னாளே?"

"மூணு தடவையும் சாமியார்தான். அதுக்குள்ள நான் சிக்கிக்கிட்டேன். புதுசா ராங்கி ரத்தத்தைக் குடுத்தா, முன்னாடி குடுத்தது யாருதுன்னு கேக்க மாட்டாங்களா? மூணாவது தடவையும் அதேதான்னு தெரிஞ்சதும் அந்தப் பொண்ணு ஓடி வந்து எனக்கு ஒரு சாக்லேட் குடுத்துச்சு. 'உங்க கைராசிண்ணா'ன்னு சொல்லிச்சு. அதை எப்படி முழுங்கினேன்னு எனக்குத்தான் தெரியும்."

"பாதியை எனக்குக் குடுத்தீங்க."

"ஆமா. பாதியை உனக்குக் குடுத்தேன்."

அந்த இனிப்பு இப்போது நாக்கில் ஊறுகிற மாதிரி இருந்தது. அவள் எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"கன்னு விழுந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே. நான் வெறும் கையை விடறப்போ பக்கத்துலதானே விளக்கைப் பிடிச்சுட்டு நின்னீங்க."

அவர் தலை கவிழ்ந்தது. "சத்தியமா எனக்கு அப்ப தோணவே இல்ல. ரத்தம் சுத்தம், ரத்தம் சுத்தம்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி, அது அவ ரத்தம்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். நீ கன்றுவீச்சுன்னு சொன்ன பிறகுதான் உள்ளுக்குள்ள திக்குன்னு இருந்துச்சு."

உரித்த முட்டையில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. ஓட்டினால் ஓடியிருக்கும். இருவருமே ஓட்டவில்லை.

 அவர் குரலைத் தாழ்த்தினார், சுவருக்கு அப்பால் ரேடியோவின் வீடு. "இங்க பாரு. காலையில ராங்கி ரத்தத்தையே எடுத்துக் குடுத்துடறேன். திரியும். புதுசா வந்திருக்குன்னு நினைச்சுக்குவாங்க. வேன் வரும். ராங்கி போவா. அவ போறதை நம்மால தடுக்க முடியாது. அதோட இது முடிஞ்சுரும்."

"அந்தப் பொண்ணு?"

"அதுக்கு என்ன?"

"அடுத்த வாரம் மேடையேறப் போறா. ராங்கி படத்தைப் போட்டு, ராங்கி ரத்தத்துல சத்தே இல்லன்னு சொல்லப் போறா. படத்துல என் கை இருக்கு."

"இருநூறு பேர் கேட்டுட்டு டீ குடிக்கப் போயிருவாங்க."

"இல்லாத ஒண்ணைச் சொல்லப் போறா, என்னங்க. எனக்கு ரத்தம் எடுத்தப்போ என்னை விட அவதான் நடுங்குனா."

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? ரிட்டையர் ஆக எனக்கு இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கு. நாளைக்கே போடா வெளியன்னு சொல்லிருவாங்க. இந்த வீடும் கிடையாது. உனக்கு ஆறு வாரம் மாத்திரை. எங்க படுத்துக்கிட்டுச் சாப்பிடுவே?"

 காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவர் நெற்றியில் ஈரத்துணி போட வந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. காய்ச்சலும் வழக்கம்போல் விட்டிருந்தது. மருத்துவச்சி எழுந்து முகம் கழுவினாள். நேற்றைய சோற்றில் தண்ணீர் விட்டு உப்புப் போட்டு, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். புருஷன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் எடுக்கிற நாளில் அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை.

"என்ன பண்ணப் போறே?" என்றார்.

அவள் அரிவாளை எடுக்கவில்லை. கொட்டகைக்கு நடந்தாள். அவர் நாலடி பின்னால் வந்தார்.

"அடேயப்பா, மருத்துவச்சி இன்னைக்கு இங்கேயா?" என்றார் ரேடியோ, பால் வாளியோடு. "மழை பெஞ்சதுக்குக் காரணம் இப்பதான் தெரியுது." இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு நகர்ந்தார்.

மரத்தடியில் ஆராய்ச்சிப் பெண் மேஜை போட்டிருந்தாள். மாநாட்டுத் தாளின் குழல் மரத்தில் சாய்ந்து நின்றது, மத்தியானம் அதைப் பேராசிரியரிடம் காட்ட வேண்டுமாம். "நீங்க ஏன்க்கா வந்தீங்க? இதை முடிச்சுட்டு உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாம்னுதான் இருக்கேன்."

"நீ கொஞ்சம் உள்ள வா, கண்ணு. இன்னைக்கு மேஜைகிட்ட நிக்காதே. உள்ள வந்து பாரு."

அவள் புரியாமல் பின்னால் வந்தாள்.

மருத்துவச்சி ராங்கியின் கயிற்றை அவிழ்த்தாள். ராங்கி வழக்கம்போலத் தலையைச் சிலுப்பி, அவள் தோளை மோந்து பார்த்து, புடவைத் தலைப்பை ஒரு இழுப்பு இழுத்தாள். டிராவிஸ் பக்கம் திரும்பியதும் கால்களை ஊன்றிக்கொண்டு நின்றாள். கண்ணில் வெள்ளை தெரிந்தது. ஊசிக்காரர் இரண்டடி பின்வாங்கினார்.

மருத்துவச்சி திட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. முன்னால் நடந்தாள். ராங்கி பின்னால் போனாள். டிராவிஸின் கம்பி விழுந்தது. மருத்துவச்சி அவள் தாடையைத் தன் கையில் ஏந்தி, நெற்றியை நெற்றியோடு சேர்த்துக்கொண்டாள். "குத்துங்க" என்றாள், திரும்பாமல்.

ஊசிக்காரரின் கட்டைவிரல் கழுத்தில் நரம்பைத் தேடியது. முப்பது வருஷக் கைதான். முதல் குத்து தவறியது. ராங்கி ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான். இரண்டாவது குத்தில் குழாய்க்குள் கருஞ்சிவப்பாக ரத்தம் இறங்கியது. ராங்கி அசையவில்லை. காதைக்கூட ஆட்டவில்லை. சாமியார் தோற்றது, அப்படி நின்றாள்.

குழாய் நிறைந்தது. ஊசிக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நீ இங்க வந்து பிடிச்சிருந்தா…" என்று தொடங்கினார். முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை.  மருத்துவச்சிக்கு, இத்தனை மாதமாகத் தான் புல் அறுத்தது, தான் ஓடி ஒளிந்தது, சத்தம் கேட்காத தூரம் பார்த்து நின்றது எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து நின்றன. ராங்கி பயந்தது ஊசிக்கு இல்லை, தனியாக நிற்பதற்கு.

ஆராய்ச்சிப் பெண் குழாயை வாங்கினாள். "ராங்கிக்கு என்ன இன்னைக்கு, இவ்வளவு நல்லா நிக்கறா? எப்பவும் இப்படித்தான் நிப்பாளாண்ணா?"

 ஊசிக்காரர் பெண்டாட்டியைப் பார்த்து ஒரே ஒரு தடவை, மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்றா, சொல்லிவிடு என்றா, அவருக்கே தெரிந்திருக்காது.

"அது இவளோட முதல் ரத்தம், கண்ணு" என்றாள் மருத்துவச்சி.

"முதல்னா?"

"இதுக்கு முன்னாடி உன்கிட்ட இவ ரத்தம் வந்ததே இல்ல. வந்ததெல்லாம் அதோ நிக்குதே, அந்தச் சாமியாரோடது. இவளுக்கு வலிக்கும்னு நான் அழுதேன். எனக்கு வலிக்கும்னு அவர் மாத்தினார். உன்னை ரெண்டு பேருமே நினைக்கல."

ஆராய்ச்சிப் பெண் குழாயில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தாள். சாமியாரைப் பார்த்தாள். அது அரைக்கண்ணோடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவள் உதடு ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி அசைந்தது.

"எத்தனை குழாய்?"

"எல்லாம்."

"அந்த மூணு தடவை?"

"அதுவும்தான்ம்மா" என்றார் ஊசிக்காரர். அதுதான் அவர் அவளிடம் சொன்ன ஒரே வார்த்தை.

ஆராய்ச்சிப் பெண் அங்கே கவிழ்ந்து கிடந்த ஒரு வாளியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. கண் மரத்தடிக்குப் போயிற்று, குழல் சாய்ந்து நின்ற இடத்துக்கு. பிறகு பதிவேட்டுக்குப் போயிற்று. பிறகு ஈற்றறையின் மூடிய கதவுக்குப் போய், அங்கேயே நின்றது. அங்கிருந்து மெல்லத் திரும்பி மருத்துவச்சியின் கைகளில் வந்து பதிந்தது. வெறும் கைகள். இன்னும் ராங்கியின் எச்சில் ஒழுகும் தாடையை ஏந்திக்கொண்டிருந்தன.

அவள் கத்துவாள் என்று ஊசிக்காரர் எதிர்பார்த்தார். அழுவாள் என்று மருத்துவச்சி நினைத்தாள்.

"அவளை விடுங்க" என்றாள் ஆராய்ச்சிப் பெண். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "விட்டுட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க. முழங்கை வரைக்கும்."

மருத்துவச்சி கையை எடுத்தாள். தண்ணீர்க் குழாய் பத்தடி தூரத்தில் இருந்தது. அவள் இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் பின்னால் இரும்பு அதிர்ந்தது. ராங்கி துள்ளத் தொடங்கிவிட்டாள். கொம்பு கம்பியில் மோதியது, குளம்பு தரையில் வழுக்கியது, பண்ணை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். ஊசிக்காரர் "ஏய், ஏய்" என்று கம்பியைத் தூக்க ஓடினார்.

மருத்துவச்சி குழாயைத் திறந்தாள். சோப்பை எடுத்து விரல் விரலாகத் தேய்த்தாள், முழங்கை வரைக்கும், ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. கத்துகிற சத்தம் முழுசாகக் காதில் விழுந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த இடத்தை விட்டுப் போகவும் இல்லை.